முதுமையின் செலவு யார் கணக்கில்?

எருமப்பட்டி பெரிய ஊர் இல்லை. நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலையைப் பார்த்தபடி கிடக்கும் பேரூராட்சி. ஒன்றிய அலுவலகம், பள்ளிக்கூடங்கள், ஆரம்ப சுகாதார நிலையம். சுற்றிலும் சின்ன வெங்காயக் காடுகள், கோழிப்பண்ணைகள். இப்படியான ஓர் ஊரில் அறுபதைத் தாண்டியவர்களை மாதம் என்ன வருகிறது என்று கேட்டுப் பிரித்தால், சாதி வரிசையைவிடக் கறாரான ஒரு வரிசை கிடைக்கும்.

2003 மார்ச்சுக்குள் வேலைக்குச் சேர்ந்து ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதியும், அதன் மேல் ஆண்டுக்கு இருமுறை ஏறும் அகவிலைப்படியும் வருகிறது. அதே பள்ளியில், அதே பாடத்தை, சில மாதம் தள்ளிச் சேர்ந்து நடத்தியவருக்கு ஓய்வுநாளில் ஒரு மொத்தத் தொகை கிடைத்ததோடு சரி. அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவருக்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் அவருடைய அகவிலைப்படி 2015 இறுதியிலிருந்து பல ஆண்டுகள் அசையவே இல்லை. சத்துணவு அமைப்பாளருக்குச் சிறப்பு ஓய்வூதியம் என்று மாதம் ஒரு சிறு தொகை. பி.எஃப். பிடித்த ஆலைத் தொழிலாளிக்கு, குறைந்தபட்சம் 1,000 என்று 2014இல் நிர்ணயித்ததை ஒட்டிய ஏதோ ஒரு தொகை. கோழிப்பண்ணையில் கூலிக்கு நின்றவருக்கும் வெங்காயம் அறுத்தவருக்கும், விண்ணப்பம் தேறினால், முதியோர் உதவித்தொகை 1,200.

ஓய்வூதியச் சீர்திருத்தம் பற்றித் தமிழ்நாட்டில் இருபதாண்டுகளுக்கு மேலாக நடக்கும் வாதம் பெரும்பாலும் இந்த வரிசையின் முதல் இரண்டு பேரைப் பற்றியது. 'பழையது வேண்டும்' என்று ஒரு பக்கம், 'கஜானா தாங்காது' என்று மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தைத் தனியார்மயமா அரசுமயமா என்ற கேள்வியாக மட்டும் பார்த்தால், தமிழ்நாட்டில் உண்மையில் நடந்தது கண்ணில் படாது. கேட்க வேண்டியவை இரண்டு. கொடுக்கிறேன் என்று யாராவது வாக்குக் கொடுத்திருக்கிறார்களா? அந்த வாக்குக்கு ஈடாகப் பணம் எங்காவது ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா?

பழைய ஓய்வூதியத்தில் வாக்கு இருந்தது, பெட்டி இல்லை. அந்தந்த ஆண்டு வரிப்பணத்திலிருந்து அந்தந்த ஆண்டு ஓய்வூதியர்களுக்குக் கொடுப்பது என்பதே ஏற்பாடு. 30 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி ஊதியத்தில் பாதி. அதற்குக் குறைந்தால் அந்த விகிதத்தில். அவர் இறந்தால் துணைக்குக் குடும்ப ஓய்வூதியம். ஊதியக்குழு வரும்போதெல்லாம் ஓய்வூதியமும் திருத்தப்படும். 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடும் தானம் அல்ல, செய்த பணிக்கு உரிய உரிமை என்று சொன்னது. அந்த நாளைத்தான் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஊழியர் தரப்பு வாதத்தின் முதுகெலும்பு இந்தத் தீர்ப்பு.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகக் காற்று வேறு திசையில் அடித்தது. சிலி நாட்டில் 1981இல், பினோசே ராணுவ ஆட்சியில், தொழிலாளியின் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்துத் தனியார் நிதி நிறுவனங்களிடம் தனிக் கணக்கில் போடும் முறை வந்தது. முதலாளி பங்கு கிடையாது. திட்டத்தைக் கொண்டுவந்த ராணுவம் தன்னை மட்டும் அதிலிருந்து விலக்கிக்கொண்டது. எல்லா ஊர்ச் சீர்திருத்தங்களையும் பற்றி யோசிக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. 1994இல் உலக வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டு இந்தப் பாதையைப் பல நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. பின்னர் என்ன ஆயிற்று என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கெடுத்தது: 1981க்கும் 2014க்கும் இடையில் 30 நாடுகள் ஓய்வூதியத்தை முழுதாகவோ பகுதியாகவோ தனியார்மயமாக்கின, 2018க்குள் அவற்றில் 18 நாடுகள் பின்வாங்கிவிட்டன. சிலியே 2008இல் வரிப்பணத்திலிருந்து ஓர் அடிப்படை ஓய்வூதியத்தைச் சேர்த்தது. 2025இல் முதலாளி பங்களிப்பைக் கொண்டுவரச் சட்டம் போட்டது.

இந்தியாவில் அந்தக் காற்று புதிய ஓய்வூதியத் திட்டமாக, என்.பி.எஸ். என்ற பெயரில் வந்தது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கு, ராணுவம் நீங்கலாக. இங்கும் ராணுவம் நீங்கலாகத்தான். ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம் (2019இல் இது 14 ஆனது). பணத்தை நிதி மேலாளர்கள் கடன் பத்திரத்திலும் பங்குச் சந்தையிலும் போடுவார்கள். ஓய்வின்போது 60 சதவீதம் வரை கையில், மீதிக்கு ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்க வேண்டும். இதில் பெட்டி உண்டு, வாக்கு இல்லை. எவ்வளவு வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தமிழ்நாடு மத்திய அரசைவிட ஒன்பது மாதம் முந்திக்கொண்டது. அந்த 2003ஆம் ஆண்டின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2001இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, நிதிநிலை மோசம் என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டு, புதிய நியமனங்களுக்குத் தடை போட்டு, ஊழியர் சலுகைகளை ஒவ்வொன்றாக வெட்டியது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவின் கீழ் ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 6ஆம் தேதி ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதே ஆகஸ்ட் 6 தேதியிட்டதுதான் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தை (சிபிஎஸ்) கொண்டுவந்த நிதித்துறை அரசாணை எண் 259. ஏப்ரல் 1இலிருந்து முன்தேதியிட்டு அமல். போராட்டம் நொறுங்கிப் போயிருந்த நாளில், இன்னும் வேலைக்கே சேராதவர்களின் ஓய்வூதியம் போனதை எதிர்த்துக் குரல் கொடுக்க யாருக்குத் தெம்பு இருந்திருக்கும்? சங்கங்களில் இருந்தவர்கள் அனைவரும் பழைய திட்டத்துக்காரர்கள். புதியவர்கள் பெரும்பான்மையான பிறகே 'சிபிஎஸ் ஒழிப்பு' முழக்கம் சூடு பிடித்தது.

அதன்பின் நடந்தது விசித்திரம். மற்ற மாநிலங்கள் தங்கள் ஊழியர் பணத்தை என்.பி.எஸ்.ஸில் சேர்த்து, ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் போயின. மேற்கு வங்கம் பழைய திட்டத்திலேயே நின்றுவிட்டது. தமிழ்நாடு இரண்டும் செய்யவில்லை. ஊழியரிடம் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்து, தன் பங்கையும் சேர்த்துத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கொஞ்சம் எல்.ஐ.சி. நிதியில், கொஞ்சம் கருவூல உண்டியல்களில் முதலீடு. ஊழியர் கணக்கில் ஜி.பி.எஃப். எனும் பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டி வரவு. ஆக இது தனியார்மயம் அல்ல. தனியார்மயத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் சந்தை லாபமும் கிடையாது, எதிர்ப்பாளர்கள் கேட்கும் உத்தரவாதமும் கிடையாது. குடும்ப ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடை இல்லை. ஜி.பி.எஃப். போல அவசரத்துக்கு முன்பணம் எடுக்க வழியில்லை. பணியிலேயே இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மத்திய அரசு 2009 முதல் பழைய முறைச் சலுகையைத் திறந்துவிட்டது. இங்கே கணக்கில் சேர்ந்த பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். தமிழ்நாட்டு ஊழியர் அடைந்த நட்டத்தின் பெரும்பகுதி, சீர்திருத்தத்தைப் பாதியில் நிறுத்தியதால் வந்தது என்பது என் எண்ணம்.

அந்த நட்டம் எவ்வளவு? மேடையில் சொல்லும் அளவுக்கு எளிய கணக்கு அல்ல இது. கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 22 ஆண்டு பணி, கடைசி அடிப்படை ஊதியம் 60,000. பழைய திட்டத்தில் பாதி 30,000; அதில் முப்பதுக்கு இருபத்திரண்டு பங்கு 22,000; 58 சதவீத அகவிலைப்படி சேர்த்தால் 34,760. பங்களிப்புத் திட்டத்தில் இவருக்கு, சம்பளம் ஏறிய வேகத்தையும் வட்டியையும் ஓரளவு ஊகித்துப் போட்டால், 35 லட்சம் சேர்ந்திருக்கலாம். அதை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 20,400 சொச்சம். முதல் மாதத்து வித்தியாசம் பதினான்காயிரம். அதுவும் முதல் கையில் இருக்கிறது. பார்த்தால் அவ்வளவு மோசம் இல்லை என்று தோன்றும். இரண்டு விஷயங்கள் இதில் மறைந்திருக்கின்றன. அந்த 35 லட்சத்தில் பாதி அவருடைய சொந்தப் பணம். பழைய திட்டத்தில் இருந்திருந்தால் அது ஜி.பி.எஃப். ஆக ஓய்வூதியத்துக்கு மேல் தனியாகக் கிடைத்திருக்கும். மற்றது, 34,760 ஆண்டுதோறும் ஏறும். 20,400 ஏறாது, வட்டி விகிதம் சரிந்தால் இறங்கும். எண்பது வயதில் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதற்குள் மகள் கல்யாணம், வீடு, மருத்துவமனை என்று அந்த முதல் கரைந்திருக்கவும் கூடும்.

இதுவே வேலைக்குத் தாமதமாக வந்தவர் என்றால் நிலைமை படுமோசம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் காத்திருந்து நாற்பது, நாற்பத்தைந்து வயதில் ஆசிரியர் ஆனவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2003 முதல் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட ஆசிரியர்கள் 2006 ஜூன் 1இல்தான் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். நியமனத் தடை தின்ற ஆண்டுகள் வேறு. பத்துப் பன்னிரண்டு ஆண்டு பணியில் சேரும் சில லட்சங்கள், ஒரு மனிதரின் இருபதாண்டு முதுமையைத் தாங்காது.

நீண்ட ஆயுள், விலைவாசி, வட்டிச் சரிவு, இளவயது மரணம் ஆகிய நான்கு அபாயங்களையும் யாராவது ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். பழைய திட்டத்தில் அரசு சுமந்தது. 2003க்குப் பிறகு ஊழியரின் குடும்பம் சுமந்தது. சீர்திருத்தம் என்ற பெயரில் செலவு குறையவில்லை, கைமாறியது.

இனி கஜானாப் பக்கம். இதை எள்ளி நகையாடுவது எளிது, சரியல்ல. 2021 மக்கள்தொகைக் கணிப்புப்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். பத்தாண்டில் 18 சதவீதத்தைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் குறைகிறார்கள், ஆயுள் நீள்கிறது. 35 ஆண்டு பணி செய்து 30 ஆண்டு ஓய்வூதியம் வாங்கும் தலைமுறை வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதழில் வந்த ஆய்வு, எல்லா மாநிலங்களும் பழைய திட்டத்துக்குத் திரும்பினால் நீண்ட கால மொத்தச் சுமை புதிய திட்டத்தைப்போல் நாலரை மடங்காகும் என்றது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலம் ஆகியவை 2022-23இல் திரும்பியதன் பின்னணியில் வந்த எச்சரிக்கை அது.

அந்தத் திரும்பலில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய திட்டத்துக்கு மாறும் அரசுக்கு உடனடியாகச் செலவு இல்லை, சொல்லப்போனால் லாபம். மாதாமாதம் கட்டிவந்த பங்களிப்பு மிச்சம். 2004க்குப் பின் சேர்ந்தவர்கள் கூட்டமாக ஓய்வுபெறத் தொடங்கும் 2030களில்தான் பில் வரும். அறிவிப்புக்குக் கைதட்டு வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் வேறொருவர். தமிழ்நாட்டில் 2020இல் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆகவும், அடுத்த ஆண்டு 60 ஆகவும் உயர்த்தியதும் இதே ரகம். அந்த இரண்டு ஆண்டுகளின் ஓய்வுப் பலன்கள் தள்ளிப்போயின. படித்துவிட்டுக் காத்திருந்தவர்களின் வேலையும் சேர்ந்து தள்ளிப்போனது.

பெட்டி நிரம்பாத வாக்கு என்ன பாடுபடும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். 1998 செப்டம்பரில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நம்பகம் தொடங்கப்பட்டது. அரசு ஊழியரைப் போலவே ஓய்வூதியம் என்பது நம்பிக்கை. பி.எஃப்.இல் கழகம் கட்டவேண்டிய பங்கு இந்த நிதிக்குத் திரும்பியது. ஆனால் கழகங்கள் நட்டத்தில் ஓடின. டீசல் ஏறும், டிக்கெட் ஏறாது. அது அரசின் கொள்கை, மக்களுக்கு நல்லதும்கூட. நட்டத்தை ஈடுகட்டும் பணம் முழுதாக வராதபோது முதலில் காய்ந்தது ஓய்வூதியரின் அகவிலைப்படி. ஓய்வுபெற்று மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல், பணிக்கொடை வரவில்லை. உயர் நீதிமன்றப் படியேறினார்கள். 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தில் ஓய்வூதியரின் அகவிலைப்படி ஒரு முக்கியக் கோரிக்கை. பழைய திட்டமே எல்லாவற்றுக்கும் மருந்து என்று பேசும்போது, நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்து பேசுவது நல்லது.

பெட்டி இருந்தாலும் அரசே கைவைக்கலாம் என்பதற்கு இலங்கை சாட்சி. அங்கே தனியார் துறைத் தொழிலாளரின் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி 1958 முதல் இருக்கிறது; பணத்தில் பெரும்பங்கு அரசுப் பத்திரங்களில். பொருளாதாரம் சரிந்தபின் 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, அந்த நிதியின் பத்திரங்கள் குறைந்த வட்டிக்கான நீண்ட காலப் பத்திரங்களாக மாற்றப்பட்டன. வங்கிகள் தப்பின. தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களின் முதுமைக் காசு மாட்டியது. அரசிடம் இருப்பதால் பாதுகாப்பு, சந்தையில் இருப்பதால் ஆபத்து என்ற பொத்தாம் பொதுவான நம்பிக்கை இங்கே அடிபடுகிறது.

தமிழ்நாட்டில் அரசுகள் குழு போட்டே காலம் கடத்தின. 2016இல் சாந்தா ஷீலா நாயர் தலைமையில் ஒன்று. அவருக்குப் பின் டி.எஸ். ஸ்ரீதர் பொறுப்பேற்று 2018 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ ஒன்பது நாள் வேலைநிறுத்தம் நடத்திக் கைது, இடைநீக்கத்தோடு திரும்பியது. 2021 தேர்தலில் பழைய ஓய்வூதியம் மீண்டும் வரும் என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது. நான்காண்டு கழித்து ககன்தீப் சிங் பேடி தலைமையில் மற்றொரு குழு. இதற்கிடையில் மத்திய அரசும் இறங்கிவந்தது. டி.வி. சோமநாதன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2024 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் 2025 ஏப்ரலில் அமலானது. 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி. அரசின் பங்கு 18.5 சதவீதம். சந்தையே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று இருபதாண்டு முன் சொன்ன வாதத்தை மத்திய அரசே சத்தமில்லாமல் கைவிட்டது இது. சோமநாதன் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரி என்பது சுவையான தகவல்.

2026 ஜனவரி 3ஆம் தேதி, வேலைநிறுத்தம் தொடங்க மூன்று நாள் இருக்கையில், முதலமைச்சர் ஸ்டாலின் 'தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்' என்று அறிவித்தார். கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம். ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி. 60 சதவீதக் குடும்ப ஓய்வூதியம். 25 லட்சம் வரை பணிக்கொடை. பங்களிப்புத் திட்டத்தில் ஏற்கெனவே வெறுங்கையோடு ஓய்வுபெற்றவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம். ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் தொடரும், குறைவதை அரசு போடும். நிதிக்கு ஒருமுறை 13,000 கோடியும் ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடியும் தேவைப்படும் என்றது அரசு. சங்கங்களில் ஒரு பகுதி இனிப்பு வழங்கியது. மற்றொரு பகுதி, பிடித்தம் இருக்கும்வரை இது பழைய திட்டம் ஆகாது என்றது.

என் கணிப்பில் இந்த வடிவம் பழைய இரண்டையும்விட மேலானது. வாக்கும் பெட்டியும் முதன்முறையாக ஒன்றாக வருகின்றன. 10 சதவீதப் பிடித்தத்தை அவமானமாகப் பார்க்க வேண்டியதில்லை. கேட்டு வாங்கும் உரிமைக்கு அது பலம் சேர்க்கும். ஆனால் அறிவிப்பில் இருக்கும் 11,000 கோடி ஒவ்வோர் ஆண்டும் நிதிக்குள் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நெருக்கடி ஆண்டில், அடுத்த ஆண்டு சேர்த்துப் போடலாம் என்று நிதித்துறை குறிப்பு எழுதினால், பத்தாண்டில் அரசு ஊழியரும் போக்குவரத்து ஓய்வூதியர் நிற்கும் இடத்தில் நிற்பார்கள். இதற்கு அரசாணை போதாது. அரசாணையை மற்றோர் அரசாணையால் மாற்றலாம். 2003 ஆகஸ்டில் அப்படித்தான் மாறியது. நிதியைத் தனியே பிரித்து வைக்கவும், நிதிக் கணிப்பாளரின் அறிக்கையை ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு அவையில் வைக்கவும் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். இதைச் சங்கங்கள் முதல் கோரிக்கையாக வைக்காதது வியப்பு. அவையில் கைதூக்க வேண்டிய உறுப்பினர்களுக்குத் தங்கள் ஓய்வூதியத்தில் பங்களிப்புப் பிடித்தம் ஏதும் இல்லை என்பதையும் சொல்லி வைக்கலாம்.

எருமப்பட்டி வரிசையின் கடைசி ஆட்களுக்கு இந்த அறிவிப்பில் எதுவும் இல்லை. அரசு ஊழியருக்கு ஏன் கொடுக்கிறாய் என்று அவர்களைக் காட்டிக் கேட்பவர்கள், அவர்களுக்குக் கொடு என்று எப்போதாவதுதான் கேட்கிறார்கள். தமிழ்நாடு முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது 1962இல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது. நாட்டிலேயே முன்னோடி மாநிலங்களில் ஒன்று. அப்போது ஆதரவற்றவர்களுக்கான கருணை என்று வகுத்த இலக்கணமே இன்னும் நீடிக்கிறது. மகன் இருக்கிறான், ஓட்டு வீடு இருக்கிறது என்று காரணம் சொல்லி மனுக்கள் தள்ளுபடியாகின்றன. மகன் லாரியில் ஓடிக்கொண்டிருப்பான். அவனுக்கும் நாளை ஓய்வூதியம் கிடையாது. லாரிக்குப் பாடி கட்டுவதிலும் முட்டையிலும் விசைத்தறியிலும் பேர்வாங்கிய மாவட்டம் இது. அந்தத் தொழில்களில் தினக்கூலிக்கு உழைப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதுமைக்கென்று எந்தப் பிடித்தமும் இல்லை. அடல் ஓய்வூதியத் திட்டம் 2015 முதல் இருக்கிறது. மாதாமாதம் கட்டினால் அறுபதில் 1,000 முதல் 5,000 வரை. கூலி வராத மாதத்தில் வங்கிக் கணக்கில் பணம் இருந்தால்தானே கட்ட முடியும்? அந்த 5,000த்துக்கும் அகவிலைப்படி கிடையாது.

முதியோர் உதவித்தொகையை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியது மாநில அரசு. மத்திய அரசு தன் முதியோர் திட்டத்தில் எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரும் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே 200. இந்தக் காலத்தில் மத்திய அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்பட்டது. கொரோனா காலத்து ஒன்றரை ஆண்டு மட்டும் நிறுத்தி வைத்தார்கள், அதற்கே நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது.